திரைலோபைற்றின் உறவினர் யார்?

நண்டு வளருங்கால் தன் பழைய ஓட்டைக் கழற்றிவிடும் என்பதைக் கல்முனைக் கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் தோன்றிய திரைலோபைற்று என்னும் கணுக்காலியும் அவ்வாறே செய்தது. நெடுக்குவாட்டில் முதுகு மூன்று பாகமாக வகுந்திருந்தமையால் அதற்கு அப்பெயர். சுமார் 27 கோடி ஆண்டுகள் நிலைத்த அவ்வினம் பின்னர் முற்றாக அழிந்தது. கல்லாகி நமக்குக் கிடைப்பவற்றுட் பல, அது கழற்றிய ஓடுகளே.

நம் கரையோரத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. கிழக்கிலங்கையின் அடிப்பாறை பூமியின் ஆழத்திலே வெந்து உருமாறிய பாறை. அதில் ஓடு தங்காது. இமயத்தின் ஸ்பிற்றிப் பள்ளத்தாக்கோ பழைய கடலடிச் சேறு மலையாக உயர்ந்த இடம். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹேய்டன் அங்கே திரட்டிய உயிர்ச்சுவடுகளைக் கௌப்பர் றீட் என்பார் 1910ஆம் ஆண்டில் விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்கு ‘இண்டிக்கஸ்’ என அவர் இட்ட இனப்பெயர் இன்றும் வழங்குகின்றது. சுமார் 50 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காலப்பகுதியின் தொடக்கத்துக்கு, அவ்வுயிர் பாறையில் முதன்முதல் தோன்றுமிடமே உலகப் பொது அடையாளம் என 2018இல் ஏற்கப்பட்டது. அதற்குரிய பாறைத்தொடர் சீனாவில் உள்ளது. பெயர் மட்டும் இந்தியாவினது!

ஆயினும் ஓடு காலத்தைச் சொல்லுமேயன்றி, குலத்தைச் சொல்லாது. குலமறியக் கால் வேண்டும். அதுவோ மெல்லியது, எளிதில் அழுகுவது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து றோம் நகருக்கு அண்மையில், கால்கள் இரும்புக் கந்தகக் கனியமாக மாறி நிலைத்த திரைலோபைற்றுகள் கிடைத்தன. 1893 முதல் பீச்சர் என்னும் பேராசிரியர் அவற்றைச் செதுக்கிச் செதுக்கி ஆராய்ந்தார். தலையில் ஒரே சோடி உணர்கொம்பு. அதன்பின் வரிசையாக, இரு கிளையாகப் பிரிந்த கால்கள். உணவை அரைக்கவெனத் தனித் தாடை கிடையாது.

நண்டுக்கும் இறாலுக்கும் இரு சோடி உணர்கொம்புகள். தேள், சிலந்தி வழியினவாகிய குதிரைலாட நண்டுக்கோ உணர்கொம்பே இல்லை. எனினும் அதன் குஞ்சின் உருவம் திரைலோபைற்றை ஒத்திருத்தலால், அப்பருவத்துக்குத் திரைலோபைற்றுக் குடம்பி என்றே பெயரிட்டுள்ளனர். பீச்சர் நண்டின் பக்கம் நின்றார். பின்னர் நோர்வே நாட்டு ஸ்ரோர்மர், கால்களின் அமைப்பை ஆராய்ந்து தேளின் பக்கம் சாய்ந்தார். உருவ ஒற்றுமையை மட்டும் நம்பி உறவு கூறுதல் எனக்கு உடன்பாடன்று. ஸ்ரோர்மர் காலை நோக்கியமையால் அவர் வாதம் கனமுடையது. ஆனால் உணர்கொம்பை முதன்மையாகக் கொள்வோர் இன்றும் நண்டு, பூச்சிகளின் வழியையே காட்டுகின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை.