இம்போல்க்

இம்போல்க் அயர்லாந்தில் பிப்ரவரி 1 அன்று வரும் பழைய பருவ விழா. சம்ஹைன், பெல்டனே, லூனசா ஆகியவற்றோடு சேர்ந்து கேலிக் ஆண்டை நான்காகப் பகுக்கும் நாள். ஐரிஷ் மரபில் வசந்தம் அன்றுதான் தொடங்குகிறது. குளிர் விட்டிருக்காது, ஆனால் சினையாடுகள் மடி கட்டியிருக்கும். குளிர்காலச் சேமிப்பு கரையும் நேரத்தில் புதுப்பால் வருவதுதான் விழாவுக்கான காரணம்.

கிறித்தவத்துக்கு முன் இது எப்படி நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. எழுதி வைத்தவர்கள் எல்லாரும் பின்னால் வந்த துறவிகள். கூகுலின், எமர் திருமணத்தைச் சொல்லும் பழங்கதை, ஆடுகள் பால் கறக்கும் வசந்தத் தொடக்கம் என்று இந்நாளைக் குறிக்கிறது. கோர்மாக்கின் பெயரால் வழங்கும் பழைய சொற்களஞ்சியம், பிரிஜிட்டைப் புலவர்கள் வழிபட்ட தெய்வம் என்கிறது. மருத்துவமும் கொல்லுத்தொழிலும் அதே பெயருள்ள அவளது இரு சகோதரிகளுக்கு உரியவை. கில்டேர் மடத்தை நிறுவிய புனித பிரிஜிட்டின் திருநாளும் பிப்ரவரி 1தான். தெய்வம்தான் புனிதராக மாறினாளா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸின் ஜெரால்டு கில்டேரின் அணையா நெருப்பைப் பற்றி எழுதினார். 19 கன்னியர் முறை வைத்து ஆளுக்கு ஓர் இரவு காப்பார்கள். 20ஆம் இரவை பிரிஜிட்டின் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். நெருப்பை வாயால் ஊதக் கூடாது, துருத்தியோ விசிறியோதான் வேண்டும். சுற்றியுள்ள வேலியை ஆண்கள் தாண்டக் கூடாது.

விழாவை உண்மையில் காப்பாற்றியது மடமல்ல, குடியானவர் வீடுகள். முந்தின நாள் மாலை வீட்டில் ஒருவர் கோரைக்கட்டுடன் வெளியே போய்க் கதவைத் தட்டி, பிரிஜிட்டை உள்ளே விடச் சொல்வார். உள்ளிருப்பவர்கள் வரவேற்றுக் குரல் கொடுப்பார்கள். அந்தக் கோரையில்தான் சிலுவை பின்னுவார்கள். கோரையை அறுக்காமல் கையால் பிடுங்குவது வழக்கம். தாள்களை ஒவ்வொன்றாக மடித்துத் திருப்பிச் செருகினால் நடுவில் சதுரம் விழும். நான்கு கைகளின் நுனியையும் கட்டிவிடுவார்கள். தீ அண்டாமலிருக்க அதை வாசலுக்கு மேலும் தொழுவத்திலும் செருகுவார்கள். வெளியே ஒரு துணியையும் போட்டு வைப்பார்கள். இரவில் பிரிஜிட் தொட்டுப்போன அந்தத் துணி தலைவலிக்கும் பிரசவத்துக்கும் கைகண்ட மருந்து என்பது நம்பிக்கை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருவான விக்கா சமயம் இதைத் தன் எட்டு விழாக்களில் ஒன்றாக்கிக்கொண்டது. கில்டேரில் 1993இல் பிரிஜிட்டின் பெயரிலான சபைக் கன்னியர் நெருப்பை மீண்டும் ஏற்றினர். 2023 முதல் அயர்லாந்தில் இதற்கு அரசு விடுமுறை உண்டு: பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையானால் அன்றே, இல்லையென்றால் அம்மாதத்தின் முதல் திங்கள்.