இணையதளம் எல்லோருக்கும் திறக்கிறதா? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கேள்வி

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் சிக்னல் ஒரு கோடுதான். மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை அறிவிப்பைத் திறக்கிறார். ஸ்கேன் செய்த காகிதத்தின் படம் அது. சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை.

அதே அறிவிப்பு சென்னையில் பார்வையற்ற ஒருவரின் போனில் உடனே திறக்கிறது. ஆனால் போன் அதை வாசித்துக் காட்டவில்லை. இரண்டு பேரையும் தடுத்தது ஒன்றுதான்: எழுத்தாக இருக்க வேண்டியது படமாக இருக்கிறது.

போன் ஏன் வாசிக்கவில்லை?

ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'என்விடிஏ' போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் எழுத்தைக் குரலாக மாற்றுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை அவற்றால் சரியாக வாசிக்க முடிவதில்லை. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்ட்களிலும் இதே சிக்கல்தான். யூனிகோடு எழுத்தாகப் போட்டால் குரலும் வரும், குறைந்த சிக்னலிலும் பக்கம் திறக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தகவல் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது.

வாடிக்கையாளரை அடையாளம் காணும் இ-கேஒய்சியில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வார்கள். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கிராமப்புற மக்களும் விடுபடக் கூடாது என்றும் சுட்டிக்காட்டியது.

இணையதளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டியவை

• அறிவிப்பை எழுத்தாகப் போடுங்கள். படம் அவசியம் என்றால், அதில் என்ன இருக்கிறது என்ற விளக்கத்தையும் சேருங்கள்.
• சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது 'டபிள்யூசிஏஜி' என்ற உலகளாவிய வழிகாட்டுதல்.
• வீடியோவுக்கு சப்டைட்டில் கொடுங்கள். காது கேளாதவர்களுக்கு அதுதான் வழி.
• மவுஸ் இல்லாமல், கீபோர்டிலேயே படிவத்தை நிரப்ப முடிய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப்பில் அறிவிப்பைப் படமாக அனுப்பும்போது, கடைசித் தேதியையும் விவரத்தையும் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். ஓர் இணையதளம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படவில்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம்.