மூணு வருஷம் பொறுத்தா வரி இல்லை!

வெளிநாட்டுல சேர்த்த பணத்தை மொத்தமா ஊருக்குக் கொண்டுவந்தா வரி கட்டணுமா? துபாய், சிங்கப்பூர்னு இருக்கற நம்ம மக்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. ஏதோ நேத்து முளைச்ச கவலைன்னு நினைச்சுடாதீங்க. இதே கேள்வியோடு செட்டிநாட்டு நகரத்தார்கள் அந்தக் காலத்திலேயே கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள்.

பழைய வருமான வரித் தீர்ப்புகளைப் புரட்டுவது எனக்கு ஒரு கிறுக்கு. சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் ரயில் பெட்டி மாதிரி நீளமான இனிஷியல்களோடு செட்டியார் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பல வழக்குகளில் கேள்வி ஒண்ணுதான்: கடல் தாண்டி வந்த இந்தப் பணம் முதலா, லாபமா?

கொஞ்சம் பின்னணி. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே கடையை நடத்துவது ஏஜெண்ட். அவருக்குத் தவணை சுமார் மூணு வருஷம். பணம் ஊருக்கு வர உண்டியல் (கோயில் உண்டியல் இல்லீங்க!). ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டி ஒரு சீட்டு வாங்கினால், சென்னையில் அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கலாம். நோட்டுக் கட்டு கப்பல் ஏற வேண்டாம், பேரேட்டில் வரவு செலவு எழுதி நேர் செய்துகொள்வார்கள்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1922 வருமான வரிச் சட்டப்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு வியாபாரத்தில் சம்பாதித்த லாபத்துக்கு, அதை உள்ளே கொண்டுவந்தால்தான் வரி. அதுவும் சம்பாதித்த வருஷம் முடிந்து 3 வருஷத்துக்குள் கொண்டுவந்தால்தான். அதைத் தாண்டி வந்தால் வரி இல்லை. பினாங்கில் கிடைத்த லாபத்தை அங்கேயே வட்டிக்கு விட்டுவிட்டு, கெடு தாண்டிக் கொண்டுவந்தால் போதும். பொறுத்தார் பூமியாள்வார்னு சும்மாவா சொன்னாங்க :-)

அதிகாரி சும்மா விடுவாரா? "கையில் லாபம் இருக்கும்போது நீங்க அனுப்பினதும் லாபத்திலிருந்துதான்" என்பார். "இல்லீங்க, இது நான் போட்ட முதல்" என்பார் செட்டியார். நிரூபிக்கப் பேரேட்டையும் ஐந்தொகையையும் சுமந்துகொண்டு போகணும்.

இதில் எல்லைக் கூத்து வேற. பர்மா 1937 ஏப்ரல் 1ல் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ரங்கூன் லாபம் உள்நாட்டு லாபம், விடிஞ்சு பார்த்தா வெளிநாட்டு லாபம்! கடை இடம் மாறவில்லை, கல்லா மாறவில்லை, எல்லைக்கோடுதான் மாறியது. செட்டிநாட்டுக்குள்ளேயும் ஒரு கோடு ஓடியது. காரைக்குடி பிரிட்டிஷ் இந்தியா. ராயவரம், அரிமளம், கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம், அதாவது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை, பணம் எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதே ஒரு சட்டக் கேள்வி.

1939ல் அரசாங்கம் கதவைச் சாத்தியது. இங்கே குடியிருப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் வரி. கொண்டுவராமல் வெளியிலேயே விட்ட வருமானத்தில் 4,500 ரூபாய்க்கு மட்டும் விலக்கு. 1933 ஏப்ரல் 1க்குப் பிறகு சம்பாதித்த பழைய லாபத்தை எப்போது கொண்டுவந்தாலும் வரி. மூணு வருஷப் பொறுமையெல்லாம் 1933 திருத்தத்திலேயே செல்லாமல் போயிருந்தது.

ஆனா நிஜமான அடி வரி ஆபீஸிலிருந்து வரவில்லை. 1930ல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938ல் அது 25 சதவீதம். உழுதவன் நிலத்தை இழந்தான், கடை வைத்தவர் பணத்தை நிலமாக வைத்திருந்தார். நிலத்தை உண்டியலில் அனுப்ப முடியாதே! 1942ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் போட்டது. 1964ல் நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றது.

வரிக்குப் பயந்துதான் பணத்தை அங்கே விட்டார்கள்னு சொல்ல மாட்டேன். அங்கே கிடைத்த வட்டிதான் முதல் காரணம். ஆனால் ஊருக்கு வராத பணத்துக்குச் சலுகை கொடுத்த சட்டம், அது வெளியிலேயே தங்குவதற்கும் ஒரு காரணம் கொடுத்தது. வரி கட்டியிருந்தால் ஒரு பங்குதான் போயிருக்கும். அங்கேயே கிடந்தது மொத்தமும் போச்சு.

இன்றைய நிலைமை? வெளிநாட்டுவாசியாக இருந்தபோது அங்கே சம்பாதித்து அங்கேயே கையில் வாங்கிய பணத்தை, பிறகு இங்கே அனுப்புவதாலேயே அது இங்கே வருமானம் ஆகிவிடாது. ஊர் திரும்பிய பிறகு அந்தச் சேமிப்புக்கு வரும் வட்டி வேற கதை. அங்கேதான் 'குடியிருப்பவர், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்ல' என்ற தலைசுத்தல் வகை வருது. அதுவும் 1939 திருத்தம் பெத்த பிள்ளைதான்.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை. பெரிய தொகைன்னா ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்க. கூடவே, அந்தப் பணம் உட்கார்ந்திருக்கிற ஊர் எப்படி இருக்குன்னும் ஒரு கண் வெச்சுக்குங்க.