நீலக் குழந்தைகள் வீடு திரும்பிய வரலாறு

இதய அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அறுவை அரங்கின் வாயிலோடு நின்றுவிடுகின்றனர். எந்தக் குறையை எந்த ஆண்டில் யார் சரிசெய்தார் என்பதை விரிவாகப் பதிவு செய்யும் நூல்கள், தைக்கப்பட்ட மார்புடன் அக்குழந்தை எந்நிலையில், யாருடைய பொறுப்பில் வீடு சேர்ந்தது என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அந்த வீடு திரும்பலுக்கும் தனி வரலாறு உண்டு. அதை உருவாக்கியவர்களுள் கத்தியைத் தொடாதவர்களும் இருந்தனர்.

1938-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ், பிறந்தவுடன் தானே மூடிக்கொள்ள வேண்டிய ஒரு நாளம் மூடாமல் போன ஏழு வயதுச் சிறுமிக்கு அந்த நாளத்தைக் கட்டி வெற்றி கண்டார். எனினும் உலகின் கவனத்தை ஈர்த்தது, 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஐலீன் சாக்சன் என்ற 15 மாதக் குழந்தைக்கு நடந்த அறுவையே. நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகி, இதயத்தின் கீழறைகளுக்கு இடையிலான சுவரில் துளையும் இருந்ததால், ஆக்சிஜன் குறைந்த குருதியே உடலெங்கும் ஓடி, உதடும் நகமும் நீலம் பாரித்திருந்த அக்குழந்தையின் எடை ஏறத்தாழ 4 கிலோதான். கைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து நுரையீரலுக்குக் கூடுதல் குருதியை அனுப்பலாம் என்ற திட்டம், குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது. ஆல்பிரட் பிளேலாக் அறுவையைச் செய்தார். ஆய்வுக்கூடத்தில் நாய்களின் மீது அம்முறையைச் செம்மைப்படுத்திய விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்பர், பிளேலாக்கின் பின்னால் ஒரு படிமேடையில் நின்று வழிகாட்டினார். 1945-இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது அக்காலத்து நிறவெறியின் பதிவாகவே நிற்கிறது.

ஐலீன் ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினாள். சில மாதங்களில் நீலம் மீண்டும் தோன்ற, இரண்டாம் அறுவைக்குப் பின் அவள் பிழைக்கவில்லை. அதன் பின் அறுவைக்குள்ளான குழந்தைகள் பலர் நெடுநாள் வாழ்ந்தனர் என்றாலும், வீடு திரும்புதல் என்பது நோயின் முடிவன்று, தவணையே என்பதை இத்துறை தன் முதல் நீலக் குழந்தையிடமே கற்றுக்கொண்டது.

1947-இல் பிளேலாக் லண்டனுக்கு வந்து கைஸ் மருத்துவமனையில் பத்து நீலக் குழந்தைகளுக்கு அறுவை செய்து காட்டினார். அக்காலத்து லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேர விதிகள் இன்று படிப்போரைத் திகைக்க வைக்கும். 1949-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, கைஸில் பெற்றோர் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மட்டுமே குழந்தையைக் காணலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும், இரவு 7 முதல் 8 மணி வரை உறங்கும் குழந்தையைப் பார்க்க மட்டுமே அனுமதி இருந்தது. தொற்று பரவும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுது வார்டின் அமைதி கெடுகிறது என்பது மற்றொன்று. நோயாளியோடு ஒருவர் கூடவே தங்கியிருப்பது இயல்பென்று எண்ணும் தமிழ்நாட்டு வாசகருக்கு இது கொடுமையாகவே தோன்றும்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலோ, பெற்றோரின் உடலே அறுவைக்குக் கருவியானது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹெய் 1954 மார்ச்சில் தொடங்கிய குறுக்குச் சுற்றோட்ட முறையில், குழந்தையின் இதயம் திறந்திருக்கும் வரை அதன் குருதி, பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரான கொடையாளரின் உடல் வழியே சுற்றிவந்தது. அடுத்தடுத்த மேசைகளில் இருவரும் கிடத்தப்பட்டனர். ஒரே அறுவையில் இரண்டு உயிர்கள் பணயம் வைக்கப்படுகின்றன என்ற கண்டனம் எழுந்ததில் நியாயம் உண்டு. ஆயினும் இம்முறையில் அறுவைக்குள்ளான 45 பேரில் 28 பேர் வீடு திரும்பினர் என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். இதயச் சுவரின் துளையைத் தைக்கும்போது துடிப்பைக் கடத்தும் நார்களில் காயம் பட்டால் இதயம் மந்தமாகிவிடும். அதைத் தூண்டிய கருவி சுவர் மின்இணைப்பில் ஓடியதால், கம்பியின் நீளமே குழந்தையின் நடமாட்டத்துக்கு எல்லையாயிற்று. 1957 அக்டோபர் 31 அன்று நேர்ந்த மின்தடைக்குப் பின், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஏர்ல் பாக்கன், பேட்டரியில் இயங்கும் சிறு பேஸ்மேக்கரை சில வாரங்களில் செய்து தந்தார். குழந்தை அதை அணிந்து எழுந்து நடந்தது. இதயம் தன் தாளத்தை மீட்டதும், இதயத்தோடு இணைத்திருந்த கம்பி உருவப்பட்டது.

உயிரோடு வீடு திரும்பும் குழந்தைகள் பெருகப் பெருக, திரும்பியது எந்தக் குழந்தை என்ற கேள்வியும் எழுந்தது. லண்டனின் டேவிஸ்டாக் நிலையத்தில் உளமருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், வார்டில் தனித்து விடப்பட்ட சிறு குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது, பின் சோர்ந்து அடங்குகிறது, இறுதியில் பெற்றோரிடமிருந்து ஒட்டற்று விலகுகிறது என்று கண்டார். ‘பழகிவிட்டது’ என்று செவிலியர் மகிழ்ந்த அமைதி உண்மையில் நம்பிக்கை இழப்பே என்றும், அதன் விளைவு வீட்டில் வெளிப்படுகிறது என்றும் அவர் வாதிட்டார்: தாயைக் கண்டு முகம் திருப்புதல், பின் அவளை ஒரு கணமும் விடாது பற்றுதல், உறக்கம் கெடுதல், படுக்கையை நனைத்தல். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமியைப் பற்றிய அவருடைய 1952-ஆம் ஆண்டுப் படத்தை மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் முன்பே தாய்மாரைக் குழந்தையுடன் தங்கவைத்து வந்த போதிலும், அது பொது வழக்கமாகவில்லை. தடையற்ற பார்வை நேரத்தையும், சிறு குழந்தையோடு தாய் தங்குவதையும் 1959-இல் பிரிட்டிஷ் அரசின் பிளாட் குழு அறிக்கை பரிந்துரைத்த பின்பே, அதுவும் மெல்ல மெல்ல, கதவுகள் திறந்தன. இதய அறுவை வரலாற்றில் பிளேலாக், லில்லிஹெய் பெயர்களுக்கு அருகே ராபர்ட்சனின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

இதய அறுவைக்குப் பின் மருத்துவமனையில் தங்கும் காலம் மாதங்களிலிருந்து நாள்களாகக் குறுகியபோது, முன்பு வார்டில் நடந்த பணிகள் பல வீட்டுக்கு இடம்பெயர்ந்தன. மார்பெலும்பு கூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், தலையையும் முதுகையும் ஒரு கையாலும் இடுப்புக்குக் கீழே மறு கையாலும் தாங்கி அள்ளியெடுக்கப் பெற்றோர் கற்பிக்கப்படுகின்றனர். ஈறு வழியே குருதியில் கலக்கும் கிருமிகள் இதயத்தின் உட்சவ்வைத் தாக்கக்கூடும் என்பதால் பல் தூய்மையும் இதய மருத்துவத்தின் பகுதியாயிற்று.

இந்த இடமாற்றத்தின் உச்சம், இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறக்கும் குழந்தைகளிடம் காணப்பட்டது. வில்லியம் நார்வுட் 1980களின் தொடக்கத்தில் வகுத்த முதல் கட்ட அறுவையில் பிழைத்து வீடு சென்றவர்களுள் சிலர், சில மாதங்கள் கழித்துச் செய்ய வேண்டிய இரண்டாம் கட்டத்துக்கு முன்பே திடீரென இறந்தனர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2000-இல் தொடங்கிய திட்டம், இக்குழந்தைகளின் பெற்றோரிடம் ஓர் எடைக் கருவியையும், விரலில் ஒளி பாய்ச்சிக் குருதியின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியையும் கொடுத்தனுப்பியது. ஆக்சிஜன் 70 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினாலோ, ஒரே நாளில் எடை 30 கிராமுக்கு மேல் குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராமாவது கூடாவிட்டாலோ உடனே அழைக்க வேண்டும். 2003-இல் வெளியான முடிவுகளின்படி, இத்திட்டத்துக்கு முன் வீடு சென்ற 57 குழந்தைகளில் 9 பேர் இடைக்காலத்தில் இறந்திருந்தனர். கருவிகளோடு சென்ற 24 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. எண்ணிக்கை சிறிது என்பதால் முழுப் பெருமையையும் கருவிகளுக்கே தந்துவிட முடியாது. இருப்பினும் வட அமெரிக்காவின் குழந்தை இதய மருத்துவமனைகள் பலவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இம்முறையைக் கைக்கொண்டன.