கணிப்பொறி மொழி பிழையைத் தடுக்குமா?

மாணவர் ஒருவர் 5 மீட்டரையும் 3 வினாடியையும் கூட்டி 8 என்று எழுதினால் நாம் உடனே தடுத்துவிடுவோம். நீளத்தோடு காலத்தைக் கூட்டலாகாது என்ற பரிமாண விதி, கணக்கு முடியும் முன்பே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது அல்லவா? கணிப்பொறிக்கு நிரல் எழுதும் மொழிகளிலும் இத்தகைய விதிகள் உண்டு. எந்த விதியைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று மொழியை அமைப்பவர் எடுக்கும் முடிவு, பின்வரும் தலைமுறைகளையும் பாதிக்கிறது. ஓர் அறிஞர் எடுத்த இரண்டு முடிவுகளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

அவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். 1960இல் எலியட் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்த அவர், அல்கால் 60 மொழியில் எழுதிய நிரல்களைக் கணிப்பொறிக்கு ஏற்ப மாற்றித் தரும் தொகுப்பியை உருவாக்கினார்.

நினைவகத்தில் வரிசையாக 10 பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிரலில் தவறுதலாக 11ஆம் பெட்டியைக் கேட்டுவிட்டால்? அங்கே வேறு எதற்கோ உரிய எண் இருக்கும். அதையே எடுத்துக் கணிப்பொறி தவறான விடையைத் தரும். ஆகவே, பெட்டி எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க ஹோர் ஏற்பாடு செய்தார். இதனால் வேகம் சற்றுக் குறைந்தது. சோதனையை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று பின்னர் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒருமனதாக மறுத்துவிட்டனர். 1980இல் டூரிங் பரிசுச் சொற்பொழிவில் ஹோரே இதைக் கூறினார்.

வேகத்தைப் பெரிதாகக் கருதிய சி மொழியோ இந்தச் சோதனையை நிரல் எழுதுபவரின் பொறுப்பில் விட்டுவிட்டது. அதன் விளைவு 1988 நவம்பர் 2இல் தெரிந்தது. அன்று பரவிய 'புழு' நிரல், கணிப்பொறிகளுக்குள் நுழையக் கையாண்ட வழிகளில் ஒன்று, பெட்டியின் எல்லையைத் தாண்டி எழுதுவதே ஆகும்!

இனி இரண்டாவது முடிவு. 1965இல் ஹோர், தொடர்புள்ள விவரங்களை ஒரே பதிவாகத் தொகுத்து, ஒரு பதிவிலிருந்து மற்றொன்றைச் சுட்டும் முறையை வகுத்தார். பதிவு பற்றிய அவருடைய கருத்து நார்வே அறிஞர்களான டால், நைகார்ட் இருவரையும் தூண்டியது. அவர்கள் படைத்த சிமுலா 67 மொழியில்தான் 'பொருள்நோக்கு' முறை பிறந்தது. அதில் விவரமும் அதைக் கையாளும் செயலும் ஒன்றாக அமைகின்றன. 'வாகனம்' என்று ஒரு வகுப்பு எழுதினால், லாரியும் பஸ்ஸும் அதன் இயல்புகளைப் பெற்றுக்கொள்ளும். ஒரே செய்தியைப் பல இடங்களில் திரும்ப எழுதும் தேவையும், அதனால் நேரும் பிழையும் குறைந்தன.

ஆனால் ஹோர் தம் சுட்டுமுறையில் 'எதையும் சுட்டாத' வெற்றுச் சுட்டையும் அனுமதித்தார். செய்வதற்கு எளிதாக இருந்ததே காரணம். இது முகவரி எழுதாத தபால் உறையைப் போன்றது. நிரலில் 'இந்த லாரியின் ஓட்டுநர்' என்று எழுதுகிறோம். ஓட்டுநர் இருப்பதாகவே மொழியும் ஒப்புக்கொள்கிறது. ஓடும்போதுதான் அங்கே யாருமில்லை என்பது தெரிகிறது, நிரல் நின்றுவிடுகிறது. சி++, ஜாவா முதலிய மொழிகளுக்கும் இவ்வழக்கம் பரவியது. 1995இல் வெளிவந்த ஜாவா, எல்லைச் சோதனையைக் கட்டாயமாக்கியும், வெற்றுச் சுட்டை மட்டும் விடவில்லை. 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் ஹோர், இது தமது 'நூறு கோடி டாலர் தவறு' என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

2014இல் அறிமுகமான சுவிஃப்ட் போன்ற மொழிகள் இதற்குத் தீர்வு கண்டன. ஒன்று இல்லாமலும் போகலாம் என்றால், வகையின் பெயரோடு கேள்விக்குறி இட்டு அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லாதபோது என்ன செய்வது என்று எழுதாமல் அதைப் பயன்படுத்த முயன்றால், தொகுப்பி நிரலை ஏற்காது. ஓடும்போது வெடிக்கும் பிழை, எழுதும்போதே பிடிபடுகிறது.

அப்படியானால் நல்ல மொழி எல்லாப் பிழையையும் தடுத்துவிடுமா? தடுக்காது. இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தில் 'அரை'யை மறந்துவிட்டால், பரிமாண விதி அதைக் கண்டுபிடிப்பதில்லை. விடை மட்டும் இரு மடங்காகிவிடும். கவனப்பிழைகளை மொழியிடம் விடலாம். சூத்திரம் சரியா என்று சிந்திக்கும் வேலை என்றும் நம்முடையதே.