துணியால் அமைந்த வானம்

காசி நகரத்துச் சந்துகள் மிக ஒடுங்கியவை. இருமருங்கும் உயர்ந்தெழுந்த பழைய வீடுகள் கதிரவனை மறைத்து நிற்கும். அவ்வீடுகளின் நடுவே, நாற்புறமும் அறைகள் சூழ்ந்த சிறு முற்றம் ஒன்று இருக்கும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளை அறிந்தோர் இம்முற்றத்தின் இயல்பை எளிதில் உணர்வர். ஆயின் காசி வீடு மாடிகளைக் கொண்டதாகையால், அதன் முற்றம் கிணற்றின் அடித்தளம் போல ஆழத்திற் கிடக்கும். உச்சிப் பொழுதொழிய மற்றைய வேளைகளில் வெயில் அங்கே நேராக விழுவதில்லை. மேலே தெரியும் ஒரு துண்டு வானத்திலிருந்து வெளிச்சம் மெல்ல இறங்கி, தூணையும் படியையும் நீர்க்குடத்தையும் ஒரே தன்மையாகத் தழுவி நிற்கும். அவ்வொளிக்குக் கூரிய நிழல் கிடையாது.

சத்தியஜித் ராய் நெறிப்படுத்தி, 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'அபராஜிதோ' என்னும் வங்காளத் திரைப்படத்தில் இத்தகைய முற்றம் ஒன்றைக் காண்கிறோம். கங்கைப் படித்துறையிற் புராணம் வாசித்துப் பிழைக்கும் ஹரிஹர் என்னும் ஏழை அந்தணரும், அவர் மனைவி சர்வஜயாவும், மகன் அபுவும் அங்கே குடியிருக்கின்றனர். படித்துறைகளையும் சந்துகளையும் ராய் காசியிலேயே படம் பிடித்தார். ஆகவே வீடும் காசியில் உள்ளதே என்று பார்ப்போர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அம்முற்றம் கல்கத்தாவில், ஒரு ஸ்டூடியோவின் கூரைக்குக் கீழே கட்டப்பட்டது. அங்கே வானமும் இல்லை, வெயிலும் இல்லை. இருந்தும் அந்த நிழலற்ற ஒளி அங்கு எவ்வாறு வந்தது?

இவ்வினாவின் அருமையை உணர்வதற்குச் சலனப்படம் ஒளியை எப்படிக் கையாண்டு வந்தது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் அது முழுக்க முழுக்க ஞாயிற்றின் தயவில் வாழ்ந்தது. அமெரிக்காவில் எடிசன் 1893இல் அமைத்த படப்பிடிப்புக் கொட்டகையின் கூரை திறக்கக்கூடியது. கொட்டகை முழுவதும் வட்டமான தண்டவாளத்தின்மீது நின்றது. வெயில் நகர நகரக் கட்டடத்தையே திருப்பிக்கொள்வர். பிரான்சில் மேலியே என்பார் 1897இல் கண்ணாடியாலேயே ஒரு ஸ்டூடியோ கட்டினார். அந்நாளில் ஒளியிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே: படம் தெளிவாக விழவேண்டும்.

மின்விளக்கு வந்தபின் ஒளிக்கு வேறொரு தொழில் வாய்த்தது. 1915இல் செசில் டி மில் தம் படமொன்றில் நடிகரின் முகத்தில் ஒரு பாதிக்கு மாத்திரம் ஒளி பாய்ச்சி, மறுபாதியை இருளில் விட்டார். பாதி முகந்தான் தெரிகிறதென்றால் படமாளிகைக்காரர் பாதிப் பணந்தானே தருவர் என்று நியூ யோர்க்கிலிருந்து விற்பனையாளர் அலறினாராம். இது ரெம்பிரான்ட் என்னும் ஓவியமேதையின் பாணி என்று டி மில் மறுமொழி அனுப்ப, அப்பெயரைச் சொல்லியே படத்தை அதிக விலைக்கு விற்றனராம். டி மில் பிற்காலத்திற் சுவைபடச் சொன்ன கதை இது. எவ்வாறாயினும், காட்டுவதைப் போலவே மறைப்பதும் பொருள் தரும் என்பதைச் சலனப்படம் கற்றுக்கொண்டது. ஜேர்மனியர் இதை மேலும் வளர்த்தனர். 1920இல் வந்த 'டாக்டர் கலிகாரி'யில் நிழல்களைச் சுவரிலும் தரையிலும் வர்ணத்தால் தீட்டியே வைத்தார்கள். 1922இல் முர்னோ எடுத்த 'நொஸ்பெராத்து'வில் இரத்தம் குடிக்கும் பேய்மகனின் உருவம் தோன்றாமல், அவன் நிழல் மட்டும் படிக்கட்டுச் சுவரில் ஏறிச் செல்கிறது. உருவத்தைக் காட்டியிருப்பின் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இத்தகைய ஒளி பார்ப்பவனுக்குக் கட்டளையிடும் ஒளி. இங்கே அஞ்சு, இங்கே இரங்கு, இவளை விரும்பு என்று அது சொல்லும். காலப்போக்கில் அது வாய்பாடாகிவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து வலிய விளக்கொன்று, அதன் நிழலைத் தணிக்க மெல்லிய விளக்கொன்று, கூந்தலோரம் மின்னும்படி பின்னாலிருந்து மற்றொன்று என்னும் முறை உலகெங்கும் பரவியது. இந்திய ஸ்டூடியோக்களிலும் அதுவே வழக்கமாயிற்று. விளக்கேற்ற எண்ணெய் இல்லாத குடிசையிலும் கதாநாயகியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் சுடர்விடும். இத்துணை வெளிச்சம் எங்கிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்டிலர்.

கேட்டவர் சுப்ரத மித்ரா. பிரெஞ்சு நெறியாளர் ஷான் ரெனுவார் 'நதி' என்னும் படத்தை எடுக்க வங்காளம் வந்திருந்தபோது, மாணவரான மித்ரா படப்பிடிப்பை அருகிருந்து கவனித்து, விளக்குகள் வைக்கப்பட்ட விதத்தைக் குறிப்பெடுத்தும் வரைந்தும் வந்தார். சலனப்படக் கமராவைக் கையாண்டறியாத அவ்விளைஞரையே 1952இல் 'பதேர் பாஞ்சாலி'க்கு ராய் ஒளிப்பதிவாளராக்கினார். துணிவு என்பதா, கையிற் பணமில்லாமை என்பதா? இரண்டும் இருந்திருக்கலாம்.

'அபராஜிதோ'வின் வீட்டைத் திறந்த வெளியிற் கட்டுவதே முதல் எண்ணம். மழைக்காலத்துக்கு அஞ்சி, காட்சி அமைப்பாளரான பன்சி சந்திரகுப்தா அதை ஸ்டூடியோவுக்குள்ளே கொண்டுபோனார். மித்ரா கடுமையாக எதிர்த்தார். வானிலிருந்து பரவி வரும் ஒளியை விளக்குகளால் ஆக்கவியலாது என்று இருவரிடமும் வாதாடினார். வாதம் பலிக்கவில்லை. முற்றம் ஸ்டூடியோவிலே எழுந்தது.

அதன்பின் அவர் செய்தது மிக எளிய காரியம். ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, முற்றத்தின் மேலே, வானம் தெரியவேண்டிய இடத்தில் விரித்தார். விளக்குகளைக் கீழே வைத்து, நடிகரை நோக்காது துணியை நோக்கித் திருப்பினார். ஒளி துணியில் மோதிச் சிதறி, எத்திசையினின்று வருவதென்று அறியவொண்ணாதபடி முற்றத்தில் இறங்கியது.

இதற்கு விலையும் உண்டு. துணியிற் பட்டுத் திரும்பும் ஒளி பெரிதும் குன்றிவிடும். ஆகவே விளக்குகள் மிகுதியாக வேண்டும், இல்லையேல் கமராவின் வில்லையை அகலத் திறந்துவைக்க வேண்டும். எனினும் கிடைத்த பயன் பெரிது. நேர்விளக்கு முறையில் நடிகர் குறித்த இடத்தில் நில்லாவிடின் முகம் இருண்டுபோகும். பரவிய ஒளியிலோ எங்கே நின்றாலும் முகம் தெரியும். சிறுவன் அபு படிகளிலும் முற்றத்திலும் தன்னிச்சையாக ஓடித்திரியலாம். சர்வஜயா அடுப்படியிலிருந்து எழுந்து வரும்போது அவள் முகத்தின் களைப்பை எவ்விளக்கும் அழகுபடுத்துவதில்லை, மிகைப்படுத்துவதுமில்லை. இரங்கு என்று ஒருவரும் சொல்லாத இடத்தில் பார்ப்பவர் தாமாகவே இரங்குகின்றனர்.

சில ஆண்டுகளின் பின், 1961இல் வந்த சுவீடன் தேசத்துப் படமொன்றை ஒட்டி இம்முறை புதியதெனப் பேசப்பட்டபோது, தாங்கள் அதனை முன்பே கையாண்டதை ராய் எழுத்தில் நினைவூட்டினார். எவர் முதல்வர் என்னும் வழக்கு அத்துணை முக்கியமன்று. ஒளியைக் கூரையில் மோதவைக்கும் பழக்கம் நிழற்படக்காரர் சிலரிடம் அதற்கு முன்னரும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட வீட்டின் ஒளியைப் பொய்யாக்கக் கூடாதென்ற பிடிவாதமே இங்கு கவனிக்கத்தக்கது.

அதே 1956இல் இலங்கையிலும் அத்தகைய பிடிவாதம் ஒன்று காணப்பட்டது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமே மதுரையில், தமிழரான எஸ். எம். நாயகத்தின் ஸ்டூடியோவில் உருவானது. தொடர்ந்து வந்தவற்றிற் பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களையே நம்பியிருந்தன. அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் தைற்றஸ் டி சில்வா ஆகிய மூவரும் கமராவைக் கிராமத்துக்கே எடுத்துச் சென்று, திறந்த வெளியில் 'ரேகாவ'வைப் படமாக்கினர். பார்வையிழந்த சிறுமி ஒருத்தி மீண்டும் கண்பெறும் கதைக்கு இலங்கை வெயிலே பொருத்தமான விளக்காயிற்று. அப்படம் 1957இல் கான் விழாவிற் போட்டியிட்டது; 'அபராஜிதோ' அவ்வாண்டே வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. கல்கத்தாவில் அதற்குக் கிடைத்த வரவேற்போ மிகக் குறைவு.

அப்படத்தில் ஹரிஹர் இறக்கும் கட்டம் விடியற்காலையில் நிகழ்கிறது. கங்கை நீர் கொண்டுவரும்படி அபுவை அனுப்புகிறாள் தாய். சிறுவன் ஆற்றுக்கு ஓடித் திரும்புகிறான். நீர் வாயில் விடப்பட்டதும் தந்தையின் தலை சரிகிறது. அக்கணமே திரையில் புறாக் கூட்டம் ஒன்று குபீரென எழுந்து வானில் வட்டமிடுகிறது. ஹரிஹர் படுத்திருந்த வீடு கல்கத்தா ஸ்டூடியோவிலே கட்டப்பட்டது. புறாக்கள் எழுந்தது காசியின் மெய்யான வானத்தில். இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இடையே ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.