தீர்ப்புக்கு முன்பே தனிக்கொட்டடி

மியான்மரில், அதாவது பழைய பர்மாவில், ரங்கூன் என்று நாம் அறிந்த யாங்கோன் நகரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் இன்செயின் சிறையை ஆங்கிலேயர் 1887-இல் எழுப்பினார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நாலாபுறமும் நீளும் கட்டடங்கள். நெரிசலுக்குப் பேர்போன சிறை அது. படுத்தால் புரள இடமில்லாத இடத்தில் ஒருவருக்குத் தனி அறை கிடைத்தால் சலுகை என்றுதான் வெளியாருக்குத் தோன்றும். உள்ளே இருந்து வந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இன்செயினை ஆளும் சட்டம் நமக்கும் பழக்கமானதுதான். பர்மா இந்தியாவோடு ஒட்டியிருந்த காலத்தில் வந்த 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் வேலூரையும் பாளையங்கோட்டையையும்கூட நடத்தியது. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா தனியாகப் பிரிந்தபோது சட்டம் அங்கேயும் தங்கிவிட்டது. விசாரணைக் கைதிக்கு அது தரும் உரிமைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தண்டனை பெற்றவர்களோடு அவரைச் சேர்த்து வைக்கக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. சொந்தச் செலவில் சோறு, துணி, படுக்கை வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறது 31. வழக்கறிஞரை வேறு யாரும் உடனிராமல் சந்திக்க வழி செய்கிறது 40. சிறைக்குள் செய்த குற்றத்துக்குத் தண்டனையாகக் கொட்டடியில் அடைத்தாலும் ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் கூடாது. தொடர்ந்து 15 நாளைத் தாண்டிய தனிமைச் சிறையை ஐ.நா. சபை கைதிகளை நடத்துவதற்கான மண்டேலா விதிகளில் தடை செய்தது 2015-இல்தான். காலனி ஆட்சியின் சட்டம் அந்த வரம்புக்கு ஒரு நாள் முன்பே நின்றிருந்தது.

ஓட்டை வேறோர் இடத்தில் இருந்தது. கொட்டடியில் 24 மணி நேரத்துக்கு மேல் இருப்பவரை மருத்துவ அலுவலரோ அவர் உதவியாளரோ நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு. தண்டனையாக அடைத்தாலும் சரி, வேறு காரணத்துக்காக அடைத்தாலும் சரி என்று சேர்த்துச் சொல்கிறது. தண்டனை இல்லாமலும் ஒருவரைக் கொட்டடியில் வைக்கலாம் என்பதை அந்த வரி போகிற போக்கில் ஒத்துக்கொண்டுவிட்டது. விசாரணைக் கைதியின் பாதுகாப்புக்காகச் சொன்ன பிரித்துவைத்தலும், அவரை ஒடுக்கும் தனிமையும் ஒரே கதவுக்குப் பின்னால் நடக்கக்கூடியவை. எது நடக்கிறது என்று சிறைக்கு வெளியே இருந்து கேட்க ஒருவர் வேண்டும்.

சுபாஷ் சந்திர போஸுக்கு அப்படி ஒருவர் இல்லை. 1924 அக்டோபரில் கல்கத்தாவில் கைதான அவரைப் பர்மாவின் மாண்டலே சிறையில் அடைத்தார்கள். 1927-இல் ரங்கூன் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கண்காணிப்பாளரோடு தகராறு முற்றியதும் இன்செயினுக்கு மாற்றினார்கள். அவர் விசாரணைக் கைதிகூட அல்ல, விசாரணையே இல்லாத கைதி. உடல்நிலை மோசமாகி அந்த மே மாதம் விடுதலையாகும்வரை எந்த நீதிமன்றமும் அவர் வழக்கைக் கேட்கவில்லை.

பர்மா விடுதலை பெற்ற பின் கொஞ்ச காலம் நிலைமை மாறியது. 1947 அரசியலமைப்பு பர்மிய உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த அந்த நாட்களிலும் நீதிபதிகள் காவல் ஆணைகளை வரிவரியாக அலசினார்கள். பிசகு தெரிந்தால் ஆளை விடுவித்தார்கள். இன்செயின் துணைச் சிறையின் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராக்கி ஜி.என். பானர்ஜி என்பவர் தொடுத்த வழக்கு 1948-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இருக்கிறது. 1962 மார்ச்சில் ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். அதே மாதம் உச்ச நீதிமன்றம் கலைக்கப்பட்டது. தலைமை நீதிபதி மியிண்ட் தெய்னே 1968 வரை காவலில் கிடந்தார்.

இந்தியாவில் அதே சட்டத்துக்கு நேர்ந்தது வேறு. 1978 ஆகஸ்டில் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனைக் கைதியைத் தனியே வைக்கும் பிரிவைக் காட்டித் தனிமைச் சிறையைத் திணிக்க முடியாது என்றது. கூடவே விசாரிக்கப்பட்ட மனு பல நாட்டுக் கொலை வழக்குகளில் பேர் அடிபட்ட, திகார் சிறையிலிருந்த சார்லஸ் சோப்ராஜுடையது. விசாரணைக் கைதியான அவர் காலில் மாதக்கணக்கில் இரவும் பகலும் விலங்கு. ஆள் எப்படிப்பட்டவர் என்பதை நீதிமன்றம் மறந்துவிடவில்லை. விலங்குக்கு அது போதிய காரணம் ஆகாது என்பதுதான் விஷயம்.

இன்செயினில் அப்படி ஒரு மனு எழுதுவதே குற்றமானது. பத்திரிகையாளர் வின் டின்னும் சக கைதிகளும் சிறையின் நிலைமையை ஐ.நா.வின் மனித உரிமை அறிக்கையாளருக்கு எழுதி ரகசியமாக அனுப்ப முயன்றார்கள். 1995 நவம்பரில் அது பிடிபட்டது. வழக்கு முடிவதற்கு முன்பே பலரை ராணுவ நாய்களுக்காகக் கட்டிய கூண்டறைகளில் அடைத்தார்கள். சிறைக்குள்ளேயே நடந்த விசாரணை 1996 மார்ச்சில் முடிந்தபோது, 20-க்கும் மேற்பட்டோரின் தண்டனை நீண்டது. ஏற்கெனவே 1989 முதல் உள்ளே இருந்த வின் டின், செங்கல் பொடியைக் குழைத்துச் சுவரில் கவிதை எழுதினார். 2008-இல்தான் வெளியே வந்தார்.

2008 அரசியலமைப்பு ஆட்கொணர்வைத் திரும்பக் கொடுத்தது, நெருக்கடி நிலையில் அது செல்லாது என்ற நிபந்தனையோடு. 2009-இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூ கீயின் வழக்கையும் இன்செயின் மதிலுக்குள்தான் நடத்தினார்கள். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் நெருக்கடி நிலையை அறிவித்தது. இரண்டு வாரத்துக்குள், நீதிமன்ற அனுமதியின்றி 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் காவலில் வைக்கக் கூடாது என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவையும் நிறுத்திவைத்தது. அந்த மாதமே கைதான ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர் ஷான் டர்னல், முதல் இரண்டு மாதத்தை இன்செயினில் தனிக்கொட்டடியில் கழித்தார். அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதோ 2022 செப்டம்பரில்.

1894 சட்டத்தில் நடைமுறையில் உயிரோடு மிஞ்சியது வெளியிலிருந்து சோறும் துணியும் வரவழைக்க விடும் 31-ஆம் பிரிவு மட்டும் என்று சொல்லலாம். கொரோனாவைக் காட்டிக் கைதிகளை நேரில் பார்ப்பதை நிறுத்தியிருந்த நாட்களில், வீட்டிலிருந்து கொண்டுவரும் பொட்டலத்தைக் கொடுக்கவே உறவினர்கள் இன்செயின் வாசலில் வரிசை கட்டினார்கள். 2022 அக்டோபர் 19 காலை, அந்தப் பொட்டலங்களை வாங்கும் இடத்தில் குண்டுகள் வெடித்தன. வரிசைக்கு வந்தவர்கள் ஐவர், சிறைப் பணியாளர்கள் மூவர் என எட்டுப் பேர் இறந்தார்கள்.